வளர்ந்த பிள்ளையைக் கட்டிப்பிடிப்பது

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்னத் தையல்கடை இருக்கிறது. பள்ளிச் சீருடை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், பஞ்சாபி சூட், தீபாவளி நெருங்கினால் ஜாக்கெட்டு, பாவாடை தாவணி என்று வருடம் முழுக்க ஏதாவது வேலை ஓடிக்கொண்டே இருக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களும்தான். பிறர் உடம்பைத் தொட்டு அளவெடுப்பது என் பிழைப்பு. வீட்டில் எனக்கும் இடைநிலைப்பள்ளி நான்காம் படிவத்தில் 16 வயதில் ஒரு மகன், இரண்டாம் படிவத்தில் 14 வயதில் ஒரு மகள். 'பிள்ளைகளைத் தினமும் கட்டிப்பிடியுங்கள், அன்பைக் காட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் தோளில் கை வைத்தாலே விறைத்துப்போகிற 14 வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் செய்வது என்று அந்தச் செய்திகளில் இருக்காது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

10 வயதுப் பிள்ளைக்கு அளவெடுப்பது சுலபம். கையைத் தூக்கு என்றால் இரண்டு கையையும் கூரையைப் பார்க்கத் தூக்கும். டேப்பு அக்குளில் பட்டால் கூச்சம் தாங்காமல் சிரிக்கும். அதே பிள்ளை முதல் படிவம் தாண்டியதும் வேறு ஆளாக வந்து நிற்கும். தோள் முன்பக்கமாகக் குறுகும், முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், கண் சுவரில் தொங்கும் காலண்டருக்குப் போய்விடும். மார்பளவு எடுக்கும்போது உடம்பைச் சுருக்கிக்கொள்வதால் அளவு குறைந்துதான் வரும். தீபாவளிக்கு முதல் நாள் கொக்கி மாட்ட முடியவில்லை என்று திரும்பி வருகிற ஜாக்கெட்டுகளில் பல அப்படிக் கொடுத்த அளவில் தைத்தவை. பக்கத்தில் நிற்கும் அம்மா, "என்னடி வெட்கம், ஆண்ட்டிதானே" என்று கையைப் பிடித்து இழுப்பார். இழுத்த பிறகு அந்தப் பிள்ளையின் தோள் இன்னும் இறுகும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா ரப்பர் தோட்டத்திலேயே வீட்டு வாசலில் மிஷின் போட்டுத் தைத்தவர். அவர் அளவெடுக்கும் முறையை இன்றுவரை நான் மாற்றவில்லை. எதிரில் நிற்க மாட்டார், பக்கவாட்டில் நிற்பார். டேப்பு எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வார். "இப்ப தோளு… இப்ப கையி… அடுத்து மார்பளவு எடுக்கணும்மா, எடுக்கலாமா?" தோளில் தொடங்கி, கைக்குப் போய், மார்பளவைக் கடைசியில் வைத்துக்கொள்வார். டேப்பின் ஒரு முனையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, "நீயே வச்சுப் பிடிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, பின்னால் சுற்றி வந்து எண்ணை மட்டும் படிப்பார். முனை தன் கையில் இருக்கிறது என்றதும் பிள்ளை மூச்சு விடும். அந்த மூச்சு விட்ட நேரத்தில் எடுக்கும் அளவுதான் சரியான அளவு.

பிள்ளைகளைத் தொடுவது சம்பந்தமாக நான் சொல்ல வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்த வயதில் நம் வீடுகளில் இரண்டு விதமாக நடக்கிறது. சிலர் குழந்தையாக இருந்தபோது செய்த மாதிரியே இழுத்து அணைக்கிறார்கள். பலர், பிள்ளை வளர்ந்துவிட்டது என்று ஒரேயடியாகத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். தொடுவதை விட வேண்டியதில்லை. ஆனால் தொடங்குவதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். விடியும் முன்னே அம்மா பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். கைப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் யார் மடியிலாவது கிடக்கும். சாயங்காலமானால் லயத்துப் படிக்கட்டில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். சிறுமிகள் நாங்கள் கீழ்ப்படியில். ராத்திரி எல்லாருக்கும் ஒரே பாய். சாதாரண நாளில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை, 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்று வாயால் சொல்லிக் கேட்டதும் இல்லை. ஆனால் நாள் முழுக்க யாராவது ஒருவர் கை நம் மேல் இருந்துகொண்டே இருக்கும். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், வேலைக்கு ஆள் குறைந்தது, குடும்பம் குடும்பமாகத் தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்துக் குடியிருப்பான தாமான் வீடுகளுக்கு வந்தோம். மூன்று அறை, ஒவ்வொன்றுக்கும் கதவு. வீடு நல்ல வீடு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படிக்கட்டும் பாயும் மட்டும் கூட வரவில்லை. முன்பு யாரும் முயற்சி செய்யாமலே கிடைத்த தொடுகையை இப்போது நாமாகத்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குச் சடங்கு சுற்றிய பிறகு என் அப்பா என்னைத் தொடவே இல்லை. பஸ் காசைக்கூடக் கையில் தராமல் மேசை ஓரத்தில் வைப்பார். அவர் பாசம் இல்லாத மனிதர் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்துப் பட்டணத்துக்குப் போனால் எனக்குப் பிடித்த வடையை மடித்துக்கொண்டு வராமல் இருக்க மாட்டார். ஊர் வாய்க்குப் பயந்து, பெண்பிள்ளைக்கு மரியாதை என்று நினைத்துத்தான் அப்படி ஒதுங்கினார். என் வயதுப் பெண்கள் பலர் கடையில் உட்கார்ந்து பேசும்போது இதே கதையைச் சொல்கிறார்கள். அப்பா மாறிவிட்டார், நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போல என்று அந்த வயதில் எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு உடம்பு மாறுவதே பெரிய குழப்பம். அந்த நேரம் பார்த்து வீட்டு ஆண்கள் எல்லாரும் ஓர் அடி பின்னால் போனால், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அது நினைக்காமல் என்ன செய்யும்?

என் மகளுக்கு வயது வந்தபோது என் வீட்டுக்காரரும் அதே மாதிரி ஒதுங்க ஆரம்பித்தார். அதுவரை சோபாவில் அப்பா தோளில் சாய்ந்துகொண்டு டிவி பார்த்தவள். நான் ஒருநாள் அவரிடம் நேராகவே பேசினேன். "பிள்ளைக்கு வயசுதான வந்திருக்கு. நீங்க ஏன் தூரமாப் போறீங்க?" என்றேன்.

"நான் என்ன பண்ணட்டும்? கிட்ட போனா அது சங்கடப்படுது. எனக்கும் கை எங்க வைக்கிறதுன்னு தெரியல" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம். எதிரெதிரே நின்று அணைப்பது அந்த வயதில் அப்பாவுக்கும் மகளுக்கும் லேசில்லை. அதனால் அதை எடுத்த எடுப்பில் செய்ய வேண்டியதே இல்லை. தினமும் காலையில் அவர்தான் அவளை மோட்டாரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். ஹெல்மெட் வாரை அவரே மாட்டிவிடட்டும் என்று முடிவு செய்தோம். அவள் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்குவாள். தாடைக்குக் கீழே தோல் சிக்கிவிடாமல் இடது விரலை உள்ளே கொடுத்துக்கொண்டு, வலது கையால் கொக்கியை அழுத்துவார். 'டக்' என்று சத்தம் வந்ததும் ஹெல்மெட்டின் மேல் ஒரு தட்டு. அவ்வளவுதான். அந்த வாரை அவளாலேயே மாட்ட முடியும், ரொம்ப நாளாகவே முடியும். இருந்தும் தினமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஆரம்பத்தில் பின்னால் உட்கார்ந்து கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவள், இப்போது அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறாள். இதைப் பற்றி நாங்கள் மூன்று பேருமே பேசிக்கொள்வதில்லை, பேசவும் கூடாது. பேசினால் அடுத்த நாள் கை மறுபடி கம்பிக்குப் போய்விடும்.

மகன் விஷயம் வேறு மாதிரி. ஆறாம் ஆண்டு வரை பள்ளி கேட்டில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே ஓடியவன், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், "அம்மா, ஸ்கூல் கேட்டுல வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். சரி என்றேன். அவன் சொன்னதில் ஒரு தெளிவு இருந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னது அந்த இடத்தை. என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைக் கேட்டு மனம் உடைந்துபோகிற அம்மாக்கள் என் கடைக்கே வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, எங்கே வேண்டாம், எங்கே பரவாயில்லை என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதில் வரும். என் மகனுக்குப் பள்ளி கேட்டு கூடாது, கோயில் வாசல் கூடாது, கூட்டாளிகள் நிற்கும் ஃபுட்சால் திடல் கூடவே கூடாது. சமையலறையும் காரும் பரவாயில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் நான் விடவில்லை. நான் நாற்காலியில், அவன் எனக்கு முன்னால் பலகையில், முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் போன். நல்லெண்ணெயை லேசாகச் சூடுபண்ணி உச்சந்தலையில் வைத்து, பின்கழுத்துவரை மெதுவாக இறக்குவேன். நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாக வேலை செய்யுமாம். எண்ணெய் தேய்க்கிற கை இயல்பாகப் போகும் வேகம் அதுதான். அவசரமாகத் தட்டிக்கொடுப்பதற்கும் நிதானமாகத் தடவுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்தே இருந்தது. பத்து நிமிஷம் போனதும் போன் மடியில் இறங்கிவிடும். அப்புறம் பேச்சு வரும். ஃபுட்சால் குழுவில் எடுக்கவில்லை என்பதை அவன் என்னிடம் சொன்னது அந்தப் பலகையில்தான். முகத்துக்கு முகம் உட்கார்ந்து "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டிருந்தால், "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வந்திருக்கும். முகம் பார்க்காமல் தொடுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ சுலபம். முதுகு, தலை, பக்கத்துத் தோள். நகம் வெட்டிவிடுவது, முள் எடுப்பது, காலில் தைலம் தேய்ப்பது, எல்லாமே இதில் சேர்த்தி.

சில சமயம் அவனாகவே வருவான். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், பின்னால் வந்து தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. "என்ன அதிசயம், இன்னைக்குத்தான் அம்மா கண்ணுக்குத் தெரிஞ்சாளா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதம்வரை வர மாட்டான். கத்தியை மட்டும் கீழே வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். முதலில் விலகுவது அவனாக இருக்கட்டும். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தில் 2021-இல் வந்த ஓர் ஆய்வில், 1 வினாடி அணைப்பைவிட 5 வினாடி, 10 வினாடி அணைப்புகள் இதமாக இருந்ததாகப் பங்கெடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் வினாடி பார்ப்பதில்லை. அவன் தோள் கீழே இறங்கும்வரை இருப்பேன், அவன் கை தளர்ந்ததும் நானும் விட்டுவிடுவேன்.

சண்டை போட்ட அன்றைக்கும் இதை விடாமல் இருப்பது முக்கியம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஷெல்டன் கோஹன் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 404 பெரியவர்களிடம் தொடர்ந்து 14 நாள், இன்று யாருடனாவது மனத்தாங்கல் உண்டா, யாராவது கட்டிப்பிடித்தார்களா என்று விசாரித்துவிட்டு, பிறகு சளிக் கிருமியை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். மனத்தாங்கல் கூடக்கூடத் தொற்றும் ஆபத்தும் கூடுவதுண்டு. ஆனால் அடிக்கடி அணைப்புக் கிடைத்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. பெரியவர்களை வைத்துச் செய்தது என்றாலும் வீட்டில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. திட்டின அன்று ராத்திரி படுக்கப் போகுமுன் அறைக்கதவைத் தட்டிவிட்டுப் போய், தலையில் கை வைத்து "தூங்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். திட்டியது திட்டியதுதான், அதை மாற்றிப் பேச மாட்டேன். கை வேறு, திட்டு வேறு என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

பிள்ளைகள் தங்களுக்குள் தொட்டுக்கொள்வது இன்னொரு பெரிய கதை. இப்போது நான்காம், ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்கள் 2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தமிழ்த் தொடக்கப்பள்ளியில் இருந்தவர்கள். ஓடிப்பிடித்து விளையாடி, மேலே விழுந்து புரள வேண்டிய வயதில் ஒரு மீட்டர் தள்ளி நில் என்று கேட்டு வளர்ந்தவர்கள். திரும்பப் பள்ளிக்கு வந்தபோது உடம்பு வளர்ந்துவிட்டது, தொட்டுப் பழகும் பழக்கம் மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. அதனால் இவர்களில் சிலருக்குக் கூட்டாளி அணைக்க வந்தால் கையை எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை. சிலர் அதற்கு நேர்மாறாக, பார்க்கிறவரை எல்லாம் தாவிப் பிடிக்கிறார்கள். ஐந்தாம் படிவத்து அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் பள்ளி வளாகத்தைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். பெண்பிள்ளைகள் கூட்டமாகக் கட்டிப்பிடித்து அழுவார்கள். பையன்கள் கைமுட்டியைக் கைமுட்டியில் இடித்துக்கொள்வார்கள், முதுகில் 'பளார்' என்று ஓர் அடி. நடுவில் யாரோடும் சேர முடியாமல் காகிதத்தை மடித்து மடித்து நிற்கும் பிள்ளையும் இருக்கும்.

என் மகள் ஒருநாள் வந்து, "அம்மா, எங்க கேங்ல பர்த்டேன்னா எல்லாரும் எல்லாரையும் ஹக் பண்றாங்க. எனக்குப் பிடிக்கல. பண்ணலன்னா திமிருன்னு சொல்றாங்க" என்றாள். நாங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தோம். அணைக்க வருகிறவர் இரண்டு அடி தள்ளி இருக்கும்போதே கையை நீட்டிவிட வேண்டும், கிட்ட வந்த பிறகு நீட்டினால் தள்ளுவது போல ஆகிவிடும். முகத்தில் சிரிப்பு இருக்கட்டும். "ஹேப்பி பர்த்டேலா! நான் ஹக் பண்ற ஆளு இல்ல, ஹை ஃபைவ் குடு" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கூட்டாளிகள் முதலில் கிண்டல் பண்ணினார்கள், அப்புறம் அவளைப் பார்த்தாலே கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மகனுக்கு அதன் மறுபக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். கையைக் கொஞ்சம் விரித்துவிட்டு நில், எதிரில் இருப்பவர் தானாக ஓர் அடி முன்னால் வந்தால் சரி, வரவில்லை என்றால் அப்படியே கையைத் தூக்கி ஹை ஃபைவ் ஆக்கிவிடு. பின்னாலிருந்து யாரையும் பிடிக்காதே. இடுப்பில் கை போகக் கூடாது, தோளுக்கு மேல்தான். பிடித்தவர் உன் முதுகில் வேகவேகமாகத் தட்டினால் 'போதும், விடு' என்று அர்த்தம். ஒருமுறை சரி என்றவர் அடுத்த முறையும் சரி என்பார் என்று நினைக்காதே. பெண்பிள்ளையாக இருந்தால் வாயால் கேட்டுவிடு. இங்கே பட்டணம் சின்னது. பஸ் ஸ்டேஷனில் ஒரு பையனும் பெண்ணும் தோளில் கை போட்டு நின்றால் வீட்டுக்குப் போகுமுன் போட்டோ போய்விடும். அந்தப் பேச்சு பையனைவிடப் பெண்ணைத்தான் அதிகம் அடிக்கும் என்பதையும் அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அது நியாயம் என்று சொல்லவில்லை. அவள் எதைச் சுமக்க வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டு நடக்கட்டும்.

மலாய்க் கூட்டாளிகள் விஷயத்தில் வேறு நாகரிகம். அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தால் இரண்டு கையாலும் கையைப் பற்றிக் குனிந்து சலாம் கொடுப்பது வழக்கம், நம் பிள்ளைகளும் ஆசிரியர்களுக்கு அப்படிக் கொடுத்துப் பழகியிருக்கிறார்கள். ஆனால் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் கைகொடுக்க மாட்டார்கள், நெஞ்சில் கை வைத்துத் தலையசைப்பார்கள். அதனால் எதிர்ப்பாலார் என்றால் முதலில் நீ கையை நீட்டாதே, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தொடாமலே ஒருவரை மதிக்க முடியும் என்பதை என் பிள்ளைகள் அவர்களிடமிருந்துதான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

உறவுக்காரர்களிடம்தான் உண்மையான சிரமம். திருமண மண்டபத்தில் ஒரு பெரியப்பா, "வாடி கண்ணு, எவ்வளவு வளந்துட்ட, மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பக்கத்து ஆளைக் காட்டி இழுப்பார். முறைப்பையன் பக்கத்தில் நின்றால், "உன் மாமன்தானே, கட்டிக்கயேன்" என்று கிண்டல் வேறு. சொல்கிறவர்களுக்கு அது சிரிப்பு. அந்தப் பிள்ளை கழுத்துவரை சிவந்து நிற்கும். அங்கே பிள்ளையைப் பேசச் சொல்லிவிட்டு நாம் சும்மா நிற்பது சரியில்லை. நான் நடுவில் போய், "அவ வணக்கம் சொல்லுவா மாமா, பெரிய பிள்ளையாயிட்டாள்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். மகள் கைகூப்புவாள். பழத்தட்டோ தண்ணீர்ப் பாட்டிலோ அவள் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் சுலபம், கை வேலையாக இருக்கும் பிள்ளையை யாரும் இழுக்க மாட்டார்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நல்ல மாமன்கள் அடுத்த முறை தாங்களே கைகூப்பிவிடுகிறார்கள்.

இதில் மரியாதைக்கு மேலே போகிற பகுதியும் இருக்கிறது. பெரியவர் தொட்டால் பேசாமல் நிற்க வேண்டும் என்று பழகிய பிள்ளை, தப்பான கை பட்டாலும் பேசாமல் நிற்கும். ஒருமுறை அளவெடுக்கும்போது ஒரு பிள்ளை என்னிடம் வாய்விட்டுச் சொன்னது. யார், எங்கே என்பதை எழுத மாட்டேன். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவள் கண்ணுக்குக் கீழே என் கண் இருக்கட்டும் என்று. "நீ சொன்னது நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். ஏன் முன்பே சொல்லவில்லை, நிஜமாகவா என்று கேட்கவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. கையை மேசையில் விரித்து வைத்தேன், அவளாக வந்து பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் சம்மதத்தோடு அம்மாவை உள்ளே கூப்பிட்டோம், அரசின் 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அங்கிருந்தே அழைத்தோம். அது 24 மணி நேரமும் வேலை செய்கிறது.

2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே எல்லாருமே சிறார்தான். பாலியல் நோக்கத்தோடு சிறாரைத் தொட்டால் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. தொட்டவர் உறவினர், ஆசிரியர், பயிற்சியாளர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் என்றால் அதற்கு மேலும் தண்டனை கூடும். தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதற்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் இருக்கிறது. 'குடும்ப மானம்' என்று மூடிவைக்க நினைப்பவர்களிடம் இந்தக் கடைசி விஷயத்தை நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆட்களுக்குக் கட்டிப்பிடிக்கும் பழக்கமே இல்லை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். என் அம்மா இறந்தபோது தோட்டத்துக் காலத்துப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். வாசலில் செருப்பை விட்டதும் ஆளுக்கு ஆள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை சேர்த்து அழுதார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஆண்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. கொட்டகைக்கு வெளியே கைகட்டி நின்றார்கள். என் மகன், பாட்டி வளர்த்த பிள்ளை, என்ன செய்வது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினான். என் தம்பி, அவனுக்குத் தாய்மாமன், அதைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் கூடச் சேர்ந்து நாற்காலி அடுக்கினான். கொஞ்ச நேரம் கழித்துக் கையை அவன் பின்கழுத்தில் வைத்தான். வைத்ததுதான் தாமதம், பையன் மாமன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தம்பியும் அழுதான்.

அதற்குப் பிறகு என் தம்பியிடம் கேட்டுக்கொண்டேன், மாதம் ஒருமுறையாவது வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போ, மீன் பிடிக்கவோ மோட்டார் கழுவவோ. நம் பையன்களைக் கைக்குழந்தைப் பருவத்துக்குப் பிறகு ஆண்கள் அன்போடு தொடுவதே கிடையாது. பந்து விளையாடும்போது, இல்லையென்றால் குடித்திருக்கும்போது, அவ்வளவுதான். அதைப் பார்த்து வளரும் பையன், அன்பாகத் தொடுவது காதலிக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு பெண்பிள்ளை சிநேகமாகத் தோளைத் தட்டினாலே வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறான். அப்பாக்களும் மாமன்களும் இதை மாற்ற முடியும். பின்கழுத்தில் ஒரு கை போதும்.

தொடுவதே பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு நான் சட்டை தைத்துக்கொடுக்கிறேன். லேசான தொடுகை அவனுக்கு எரிச்சல். பழைய சட்டையை விரித்துவைத்து அளவெடுத்துவிடுவேன், காலருக்குள் லேபிள் வைக்க மாட்டேன். அவன் அம்மா தினமும் ராத்திரி கனமான போர்வையைப் போர்த்தி ஓரங்களை அழுத்திச் செருகிவிடுகிறார். அவர்களுக்கு அணைப்பு அதுதான், அதில் எந்தக் குறைவும் இல்லை.

பல வருடம் தொடாமல் இருந்துவிட்டோம், இனி எப்படி ஆரம்பிப்பது என்று கடையில் கேட்கிறார்கள். பிறந்தநாள் அன்று எல்லார் முன்னாலும் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.